லெமூரியா, வெகனர், நிலத்தட்டுகள்: ஒரு விளக்கம் எப்போது அறிவியல் கோட்பாடு ஆகிறது?

மேகலை_ஆசிரியை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். ஒன்பதாம் வகுப்புக்குக் கண்ட நகர்வுப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். ஒரு மாணவி எழுந்து, "மிஸ், கண்டம் மூழ்கிடுச்சுன்னு ஒருத்தர் சொன்னாரு. கண்டம் நகர்ந்துச்சுன்னு இன்னொருத்தர் சொன்னாரு. ரெண்டு பேரும் காட்டினது ஒரே மாதிரி விலங்கும் இலையும்தான். அப்புறம் ஏன் ஒண்ணு கதை, இன்னொண்ணு கோட்பாடு?" என்று கேட்டாள்.

"நகர்வுக்குச் சான்று இருக்கிறது" என்றேன். "கண்டம் நகர்ந்துச்சுன்னு வெகனர் சொன்னப்போ யாரும் ஏத்துக்கலையே, அப்போ அது கோட்பாடா இல்லையா?" என்று அடுத்த கேள்வி வந்தது. திங்கட்கிழமை பதில் தருவதாகச் சொல்லியிருக்கிறேன். "சோதிக்கக்கூடியதாக இருக்க வேண்டும்" என்ற ஒற்றை வரி எனக்குப் போதாது. இந்த இரண்டு விளக்கங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பேசினால் பெரிய உதவியாக இருக்கும்.

---

பாறைப்பித்தன் எழுதியது:

டீச்சர், அந்தப் பெண்ணுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். நான் நிலவியல் படித்து, இப்போது நிலத்தடி நீர் வேலையில் இருக்கிறேன். கல்லூரியிலேயே எங்களுக்கு இந்தக் கேள்வியை யாரும் இவ்வளவு நேராகப் போடவில்லை.

முதலில் அந்த மூழ்கிய கண்டத்தை, லெமூரியாவை, கதை என்று தள்ளிவிட வேண்டாம். 1864இல் அது நல்ல அறிவியல். பிலிப் ஸ்கிளேட்டர் என்ற ஆங்கிலேய விலங்கியலாளர் மடகாஸ்கரின் பாலூட்டிகளைப் பற்றி எழுதும்போது ஒரு புதிரைக் கண்டார். குரங்குக்கு உறவான லெமூர்கள் மடகாஸ்கரில் குவிந்து கிடக்கின்றன. அவற்றின் உறவினங்கள் கொஞ்சம் ஆப்பிரிக்காவில், கொஞ்சம் இந்தியாவிலும் அதற்குக் கிழக்கிலும் இருக்கின்றன. நம்மூர் தேவாங்கும் அந்த உறவில் சேர்ந்ததுதான். (கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் கடவூர்ப் பக்கம் 2022இல் சரணாலயம் அமைத்தார்களே, அதே தேவாங்கு.) இடையில் பெருங்கடல். அன்று கண்டங்கள் நகரும் என்ற எண்ணமே புழக்கத்தில் இல்லை. ஆகவே இந்தியப் பெருங்கடலில் ஒரு நிலப்பரப்பு இருந்து மூழ்கியிருக்க வேண்டும் என்றார். இருந்த தகவலுக்கு அது நியாயமான விளக்கம். அதோடு அது ஓர் உறுதியான விஷயத்தையும் சொன்னது: அந்தக் கடலடியில் கண்டப் பாறை கிடக்க வேண்டும். போய்ப் பார்த்தால் தெரிந்துவிடும்.

போய்ப் பார்க்க நூறாண்டு ஆயிற்று. ஆனால் விளக்கத்தை ஆட்டம் காணவைக்கும் அளவீடு, ஸ்கிளேட்டர் எழுதுவதற்கும் முன்பே இந்தியாவில் எடுக்கப்பட்டிருந்தது. கலியானா, கலியான்பூர் என்ற இரண்டு அளவை நிலையங்களுக்கு இடைப்பட்ட தொலைவை நில அளவையாலும் விண்மீன்களை நோக்கியும் கணக்கிட்டபோது சுமார் 5 விகலை (ஒரு விகலை என்பது ஒரு பாகையில் 3600இல் ஒரு பங்கு) வித்தியாசம் வந்தது. இமயமலையின் ஈர்ப்பு தூக்குக்குண்டை இழுத்திருக்க வேண்டும். கல்கத்தாவில் இருந்த பிராட் என்ற பாதிரியார் கணக்குப் போட்டார். மலையின் பருமனுக்கு வித்தியாசம் சுமார் 15 விகலைக்கும் மேல் வர வேண்டும் என்று விடை வந்தது. அப்படியென்றால் மலைக்கு அடியில் எடை குறைவான பாறை ஆழமாக இறங்கியிருக்கிறது. 1855இல் ஏரி என்ற வானியலாளர் கொடுத்த விளக்கம் இது: மேலோடு, அடர்த்தியான அடிப்பகுதியின் மீது, நீரில் கட்டைகள் மிதப்பதுபோல் மிதக்கிறது.

கண்டம் இலேசான பாறை. கடலடி பசால்ட் என்ற கனமான எரிமலைப் பாறை. மிதக்கிற இலேசான கண்டம் ஒட்டுமொத்தமாக நாலாயிரம் மீட்டர் கீழே போய் உட்கார வழியில்லை. விலங்குகளைப் பார்த்துச் சொன்ன விளக்கத்தை, விலங்கே சம்பந்தப்படாத ஈர்ப்பு அளவீடு தடுத்து நிறுத்துகிறது. எனக்கு இதுதான் விஷயத்தின் உயிர். உலகத்தின் வேறொரு மூலையில் எடுத்த அளவுக்குக் கட்டுப்பட்டாக வேண்டிய விளக்கம்தான் அறிவியல் விளக்கம். ஸ்கிளேட்டருடையது கட்டுப்பட்டது, தோற்றது. தோற்றதால் அது அறிவியல் அல்லாமல் போய்விடாது. தோற்ற பிறகும் தோல்வியைக் கணக்கில் எடுக்காமல் பிடித்துக்கொண்டிருந்தால்தான் அது வேறு ஒன்றாகிறது.

---

கரிகாலன்88 எழுதியது:

அண்ணா, "மூழ்க வழியில்லை" என்று அடித்துச் சொல்கிறீர்கள். மொரீசியசுக்கு அடியில் பழைய கண்டம் கண்டுபிடித்ததாக 2013லும் 2017லும் செய்தி வந்ததே? நியூசிலாந்தைச் சுற்றி ஒரு கண்டமே நீருக்கடியில் கிடக்கிறது என்கிறார்கள். நம் பழைய இலக்கியமும் கடல்கோளைச் சொல்கிறது. இவ்வளவும் சேர்ந்து வரும்போது கதவை மூடுவது சரியா?

---

ஆழி எழுதியது:

கரிகாலன் தம்பி, இது கேட்க வேண்டிய கேள்வி. கடலாய்வுத் துறையில் இருப்பதால் நான் சொல்கிறேன்.

மொரீசியசில் கிடைத்தது சிர்க்கான் என்ற கனிமத்தின் மணிகள். எரிமலை எழுப்பிய அந்தத் தீவின் வயது ஒரு கோடி ஆண்டுகூடப் பெரிதாகத் தாண்டாது. மணிகளில் சிலவற்றின் வயதோ 300 கோடி ஆண்டு. எரிமலைக் குழம்பு மேலே வரும்போது அடியில் இருந்த பழைய கண்டத் துண்டைத் துளைத்துக்கொண்டு வந்திருக்கிறது. உண்மைதான். இந்தியாவும் மடகாஸ்கரும் சுமார் 9 கோடி ஆண்டுக்கு முன் பிரிந்தபோது இழுபட்டு மெலிந்து கிழிந்த சில்லுகள் அவை. நியூசிலாந்தைச் சுற்றிக் கிடக்கும் சீலாந்தியாவும் அப்படித்தான். அது இழுபட்டு மெலிந்த மேலோடு, பரப்பில் சுமார் 94 விழுக்காடு நீருக்கடியில் இருக்கிறது. மெலிந்தால் தாழும் என்பதும் அதே மிதப்புக் கணக்கிலிருந்து வருகிறது. தடிமன் எவ்வளவு குறைந்தால் எவ்வளவு ஆழம் என்று முன்கூட்டியே சொல்லலாம், கப்பலில் போய் அளந்தும் பார்க்கலாம்.

ஆகவே அந்தச் செய்திகள், பூமியின் மேற்பகுதி பெரிய தட்டுகளாகப் பிரிந்து நகர்கிறது என்ற நிலத்தட்டுக் கோட்பாட்டின் பிள்ளைகள். ஸ்கிளேட்டர் கேட்டது ஆப்பிரிக்காவிலிருந்து இந்தியா வரை விலங்கு நடந்து போகக்கூடிய நிலம். அது அங்கே இல்லை. இடையில் கிடப்பது பெரும்பாலும் பசால்ட் தரை.

கடல்கோள் தனி விஷயம், அதை லெமூரியாவோடு கட்டிப்போட வேண்டியதில்லை என்பது என் உறுதியான கருத்து. சுமார் 20,000 ஆண்டுக்கு முன், பனியுகத்தின் உச்சத்தில், கடல் மட்டம் இன்றைவிட 120 மீட்டர் அளவுக்குத் தாழ்ந்திருந்தது. பாக் நீரிணை நிலமாக இருந்தது. பிறகு கடல் ஏறியது. மனிதர்கள் கண்ணால் கண்ட கரை இழப்புகள் உண்டு. அந்த ஆய்வுக்கு 9 கோடி ஆண்டுக்கு முந்தைய கண்டம் எதற்கு? அன்று மனிதனே கிடையாது.

---

இளவேனில் எழுதியது:

எல்லோரும் சோதனை, தோல்வி என்று பேசுவதால் ஒரு சிக்கலை முன்வைக்கிறேன். கார்ல் பாப்பர் சொன்ன அளவுகோல் எல்லோருக்கும் தெரியும்: பொய்யாவதற்கு இடம் கொடுக்கிற கூற்றே அறிவியல் கூற்று. பொய்யானால் கைவிட வேண்டும்.

இதை வெகனருக்கு வைத்துப் பாருங்கள். கிரீன்லாந்து ஐரோப்பாவை விட்டு ஆண்டுக்குப் பல மீட்டர் விலகுகிறது என்றார், அளவீடும் காட்டினார். பிற்கால மேம்பட்ட அளவீடுகளில் அந்த வேகம் இல்லவே இல்லை. இன்று தெரிந்தபடி வேகம் சில சென்டிமீட்டர்தான். கண்டங்களைத் தள்ளும் விசை என்று புவிச் சுழற்சியையும் நிலவின் ஏற்ற இறக்க விசையையும் சொன்னார். ஹரால்டு ஜெஃப்ரீஸ் கணக்கிட்டு, அவை கண்டத்தை நகர்த்தத் தேவையானதில் துளியும் தேறாது என்று காட்டினார். இரண்டும் பொய்யாகிவிட்டன. பாப்பர் சொன்னபடி நடந்திருந்தால் 1930களில் வெகனரைக் குப்பையில் போட்டிருக்க வேண்டும். போட்டிருந்தால் நாம்தான் நட்டப்பட்டிருப்போம்.

---

வானம்பாடி எழுதியது:

இளவேனில் சொல்வதற்கு என் துறையில் இதைவிடக் கூர்மையான எடுத்துக்காட்டு இருக்கிறது. யுரேனஸ் நியூட்டன் கணக்குப்படி நடக்கவில்லை. நியூட்டன் பொய் என்று யாரும் சொல்லவில்லை. லெவெரியே, கண்ணில் படாத ஒரு கோள் இழுக்கிறது என்று இடத்தைக் கணக்கிட்டுக் கொடுத்தார். 1846இல் பெர்லினில் தொலைநோக்கியைத் திருப்பிய அன்றிரவே, அவர் சொன்ன இடத்திலிருந்து ஒரு பாகைக்குள் நெப்டியூன் அகப்பட்டது.

பிறகு புதன் முரண்டு பிடித்தது. அதே லெவெரியே 1859இல் அதே வைத்தியத்தைச் செய்தார்: சூரியனுக்கு அருகே இன்னொரு கோள். வல்கன் என்று பெயர்கூட வைத்தாயிற்று. பல ஆண்டு தேடினார்கள், இல்லை. நூறாண்டுக்கு 43 விகலை என்ற அந்தச் சிறு மிச்சம், 1915இல் ஐன்ஸ்டைனின் பொதுச் சார்பியல் வந்த பிறகே சரியாயிற்று.

ஒரே மனிதர், ஒரே முறை, ஒருமுறை வெற்றி, ஒருமுறை தோல்வி. எந்த மிச்சத்தைக் கண்டதும் கோட்பாட்டைக் கைவிட வேண்டும், எந்த மிச்சத்துக்குப் பொறுக்க வேண்டும் என்று யாராலும் முன்கூட்டி விதி எழுத முடியாது. ஆனால் கவனியுங்கள், இரண்டு முறையும் அவர் வானத்தில் "எங்கே பார்க்க வேண்டும்" என்று சொன்னார். "ஏதோ ஒன்று இழுக்கிறது" என்று மட்டும் சொல்லி நிறுத்தியிருந்தால் யாராலும் மறுத்திருக்க முடியாது, யாருக்கும் பயனும் இருந்திருக்காது.

---

பாறைப்பித்தன் எழுதியது:

வானம்பாடியின் கடைசி வரிகளைப் பிடித்துக்கொண்டு வெகனருக்கு வருகிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வெகனர் 1912இல் பிராங்க்ஃபர்ட்டில் முதலில் பேசினார், 1915இல் நூலாக எழுதினார். அவர் வானிலையாளர். நிலவியலாளர்கள் அவரை வெளியாள் என்று ஒதுக்கினார்கள் என்ற கதை பாதிதான் உண்மை. அவர்கள் கேட்ட கேள்விகளில் சாரம் இருந்தது. திடமான கடலடியைக் கிழித்துக்கொண்டு கண்டம் எப்படிப் போகும்? இதற்கு அவரிடம் பதில் இல்லை. 1926இல் நியூயார்க்கில் நடந்த கருத்தரங்கிலும் அதுதான் அடி விழுந்த இடம்.

அப்படியிருந்தும் ஏன் அது செத்துப்போகவில்லை? கண்டங்களுக்கு நடுவே நிலப்பாலங்கள் இருந்து மூழ்கின என்ற நிலப்பாலக்காரர்களோடு ஒப்பிட்டால் தெரியும். மெசோசாரஸ் என்ற சிறு ஊர்வனத்தின் எச்சம் பிரேசிலிலும் தென்னாப்பிரிக்காவிலும் கிடைக்கிறதா? அட்லாண்டிக்குக் குறுக்கே ஒரு பாலம் போடு. குளோசாப்டெரிஸ் இலை இந்தியாவிலும் ஆஸ்திரேலியாவிலும் கிடைக்கிறதா? இன்னொரு பாலம். (1912இல் அண்டார்க்டிகாவில் ஸ்காட் குழுவினரின் உடல்களோடு கிடைத்த பாறைகளிலும் அந்த இலை இருந்தது. சாகும் நிலையிலும் சுமார் 16 கிலோ கல்லை அவர்கள் இழுத்துக்கொண்டு வந்திருக்கிறார்கள். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கும்.) புதிய எச்சம் கிடைக்கும்போதெல்லாம் புதிய பாலம். ஒரு பாலம் இன்னொன்றைப் பாதிக்காது. செலவே இல்லாத திருத்தம்.

ஒடிசாவின் தால்ச்சேருக்கு வாருங்கள். அங்கே நிலக்கரிக்கு அடியில் பனியாறு உருட்டிக் கீறிய கற்படுகை இருக்கிறது, 1850களிலேயே அடையாளம் கண்டுவிட்டார்கள். ஏறக்குறைய அதே காலத்துப் பனிப்படுகை தென்னாப்பிரிக்காவில், தென்னமெரிக்காவில், ஆஸ்திரேலியாவில். எத்தனை பாலம் போட்டாலும் ஒடிசாவில் பனியாறு வராது. கண்டங்களை ஒன்றுசேர்த்துத் தென் துருவத்தருகே வைத்தால் வரும். அப்படி வைத்த அதே இடத்தில் இலையும் எலும்பும் கரையோரமும் மலைத்தொடர்களும் பொருந்தியாக வேண்டும். ஒன்றை உங்கள் இஷ்டத்துக்கு நகர்த்தினால் மற்றவை எல்லாம் கலையும். வெகனரிடம் இருந்தது இந்தக் கட்டு. இல்லாதது இயங்குமுறை. அதனால் 1912இல் அவருடையது அறிவியல் விளக்கம்தான், ஆனால் முடிக்கப்படாதது. ஏற்காமல் காத்திருந்தவர்களும் அறிவியலுக்குத் துரோகம் செய்யவில்லை. ஆர்தர் ஹோம்ஸ் போன்றவர்கள் 1920களின் இறுதியிலேயே, மேலோட்டுக்குக் கீழுள்ள கவசத்தில் வெப்பச் சுழற்சி நடக்கலாம் என்று எழுதி, விட்டுப்போன இடத்தை நிரப்ப முயன்றார்கள்.

முடித்துவைத்தது கடல். 1960களின் தொடக்கத்தில் ஹாரி ஹெஸ், கடலடி மலைத்தொடர்களில் புதிய தரை பிறந்து இரு பக்கமும் விலகுகிறது என்றார். பூமியின் காந்தத் திசை அவ்வப்போது தலைகீழாவது தெரிந்த சங்கதி. பிறக்கும் பசால்ட் குளிரும்போது அந்தந்தக் காலத்துத் திசையைப் பதித்துக்கொண்டால், மலைத்தொடரின் இரு புறமும் ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பமாகப் பட்டைகள் இருக்க வேண்டும். வைன், மேத்யூஸ் இருவரும் 1963இல் இதை வெளியிட்டார்கள். கனடாவின் மோர்லி தனியாக இதையே எழுதியனுப்ப, இதழ்கள் திருப்பிவிட்டன. 1966இல் 'எல்டானின்' என்ற ஆய்வுக் கப்பல் தென் பசிபிக்கில் எடுத்த வரைபடம் வந்தபோது, இடமும் வலமும் அப்படியே மடித்து வைத்ததுபோல் பொருந்தியது.

கரிகாலன் தம்பி, வைன், மேத்யூஸ் பயன்படுத்திய அளவீடுகளில் முக்கியமானவை எங்கே எடுத்தவை தெரியுமா? கார்ல்ஸ்பர்க் மலைத்தொடர். இந்தியாவுக்கும் ஆப்பிரிக்காவுக்கும் நடுவே, லெமூரியா கிடக்க வேண்டிய கடலில்.

அதைவிட எனக்குப் பிடித்த சோதனை 1965இல் டூசோ வில்சன் வைத்தது. கடலடி மலைத்தொடரைக் குறுக்கே வெட்டும் பிளவுகள் உண்டு. பார்த்தால் மலைத்தொடரை யாரோ பிடித்து வலப்பக்கம் தள்ளிவிட்டதுபோல் தெரியும். பழைய பார்வையில், பிளவின் இரு பக்கமும் அந்தத் திசையில்தான் நழுவ வேண்டும். தரை பிறந்து விலகுகிறது என்றால் நழுவல் நேர்எதிராக இருக்க வேண்டும், நிலநடுக்கமும் இரு மலைத்துண்டுகளுக்கு இடைப்பட்ட பகுதியில் மட்டுமே வர வேண்டும். அணுகுண்டுச் சோதனைகளைக் கண்காணிக்க நிறுவிய நிலநடுக்கப் பதிவுக் கருவிகளின் தரவை எடுத்து 1967இல் லின் சைக்ஸ் பார்த்தார். அவர் ஆராய்ந்த நிலநடுக்கங்கள் வில்சன் சொன்ன பக்கமே நின்றன. இடமா வலமா என்ற கேள்வியில் மழுப்ப முடியாது. தன்னை அப்படி ஒரு முச்சந்தியில் நிறுத்திக்கொள்ளும் துணிவுதான் விளக்கத்தைக் கோட்பாடாக்குகிறது என்று நான் நம்புகிறேன்.

---

யாழ்வாணன் எழுதியது:

வணக்கம் பாறைப்பித்தன் அண்ணை. எல்லாம் வடிவாய் விளங்குது. ஆனால் தொடக்கப் புதிர் அப்படியே கிடக்குதே. மடகாஸ்கர் இந்தியாவை விட்டுப் பிரிஞ்சது 9 கோடி ஆண்டுக்கு முன் எண்டால், அப்ப லெமூரே தோன்றியிருக்காது. பிறகு அது எப்படி அங்க போனது? மரக்கட்டையில மிதந்து போனது எண்டு வாசிச்சிருக்கிறன். பாலத்தை "செலவில்லாத திருத்தம்" எண்டு சொன்னீங்கள். மிதந்து போனது மட்டும் செலவுள்ள திருத்தமோ?

---

ஆழி எழுதியது:

யாழ்வாணன், இந்த இழையில் வந்த மறுப்புகளில் இதுதான் வலுவானது. நிலத்தட்டுக் கோட்பாடு லெமூரை நேரடியாக விளக்கவில்லை, அது உண்மை. வேறு விளக்கம் வேண்டியிருந்தது, அதையும் அதே அளவுகோலில்தான் நிறுத்த வேண்டும்.

மிதந்து வந்தது என்றால் என்னென்ன இருக்கக் கூடாது என்று கேட்போம். ஆப்பிரிக்காவின் யானை, சிங்கம், மான், குரங்கு அங்கே இருக்கக் கூடாது. பாலம் இருந்திருந்தால் நடந்து வந்திருக்கும். மடகாஸ்கரில் அவை கிடையாது. இன்று அங்கே இயற்கையாக வாழும் தரைவாழ் பாலூட்டிகள் நாலே வகை: லெமூர், முள்ளெலி போன்ற டென்ரெக், கீரியை ஒத்த ஊனுண்ணிகள், எலிகள். மரபணு காட்டும்படி ஒவ்வொரு வகையும் ஏறக்குறைய ஒரே மூதாதைக் கூட்டத்திலிருந்து கிளைத்தது. வெவ்வேறு காலத்தில், அபூர்வமாக, ஒரு சிறு கூட்டம் வந்து சேர்ந்ததன் தடம் அது. அழிந்துபோன குட்டை நீர்யானைகள் அங்கே இருந்தன, அவை நீர்வாழ்க்கைக்குப் பழகியவை.

அடுத்த இடைஞ்சல்: இன்றைய நீரோட்டம் ஆப்பிரிக்காவிலிருந்து அந்தத் தீவை நோக்கிப் பாய்வதில்லை. மிதப்பு விளக்கத்துக்கு இது பெரிய அடியாகவே இருந்தது. 2010இல் அலி, ஹூபர் இருவரும் ஐந்து கோடி ஆண்டுக்கு முந்தைய கடலைக் கணினியில் ஓட்டிப் பார்த்தார்கள். அப்போது ஆப்பிரிக்காவும் மடகாஸ்கரும் இன்றைவிடத் தெற்கே இருந்தன. அந்த அமைப்பில் நீரோட்டம் சில வேளைகளில் கிழக்கே, தீவை நோக்கி, வலுவாக ஓடியிருக்கிறது. தட்டுகளின் நிலையை விலங்கியலாளர் தன் வசதிக்கு மாற்ற முடியாது, அது காந்தப் பட்டைகளிலிருந்து வருவது. அதற்குக் கட்டுப்பட்டும் விளக்கம் நின்றது. 1995இல் சூறாவளிக்குப் பின் கரீபியனின் அங்குவில்லா தீவில் பச்சை ஓணான்கள் மரத் திரளில் ஏறி வந்து இறங்கியதையும் பார்த்தவர்கள் இருக்கிறார்கள்.

இது நெப்டியூன் அளவுக்கு உறுதியா என்றால் இல்லை என்பேன். பாலத்தைவிட மிக அதிகமாகத் தன்னைக் கட்டிப்போட்டுக்கொண்ட விளக்கம்.

---

இளவேனில் எழுதியது:

அப்படியானால் போட்டிக் கோட்பாடு ஒன்றைப் பற்றியும் சொல்லிவிடுங்கள். பூமியே வீங்குகிறது, அதனால்தான் கண்டங்கள் விலகுகின்றன என்று ஆஸ்திரேலியாவின் வாரன் கேரி வெகுகாலம் வாதிட்டார். அவரும் இதே புதைபடிவம், இதே கரையோரம்தானே காட்டினார்?

---

பாறைப்பித்தன் எழுதியது:

காட்டினார். அவருடையதும் அறிவியல் விளக்கம்தான். பூமியின் ஆரம் கூடுகிறது என்று சொன்னாலே அளக்கலாம் அல்லவா? செயற்கைக்கோள் அளவீடுகளைச் சேர்த்து 2011இல் பார்த்தபோது மாற்றம் ஆண்டுக்கு 0.1 மில்லிமீட்டர், பிழை எல்லைக்குள் சுழியம். அதோடு, பழைய தரை உள்ளே அமிழும் இடங்களை அந்த விளக்கத்தால் ஒன்றும் செய்ய முடியவில்லை. சுமத்ராவை 2004 டிசம்பரில் உலுக்கியது அப்படி ஒரு விளிம்பு.

---

மேகலை_ஆசிரியை எழுதியது:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. வகுப்பில் ஸ்கிளேட்டர், வெகனர், கேரி மூவருக்கும் மூன்று குழு வைத்து, "எங்கள் விளக்கம் சரியென்றால் உலகத்தில் இது இருக்கவே கூடாது" என்று ஒவ்வொரு குழுவையும் எழுதச் சொல்லப் போகிறேன். பிறகு தால்ச்சேர் பனிப்படுகை, காந்தப் பட்டை, ஆரம் மூன்றையும் ஒவ்வொன்றாகக் கொடுப்பேன்.

அந்தப் பெண் அடுத்து என்ன கேட்பாள் என்று இப்போதே தெரியும்: "அப்போ இன்னைக்கு இருக்கிற கோட்பாடு எதுக்குத் தோற்கும்?"

---

ஆழி எழுதியது:

அதற்கு நம் தெற்குக் கடலிலேயே பதில் இருக்கிறது டீச்சர்.

காந்தப் பட்டைகள் கடந்த சில பத்து இலட்சம் ஆண்டுகளின் சராசரி வேகத்தைத் தருகின்றன. ஜிபிஎஸ் சில ஆண்டுகளின் வேகத்தைத் தருகிறது. பெங்களூரில் நிறுவிய நிலையம் வடகிழக்காக ஆண்டுக்குச் சுமார் 5 சென்டிமீட்டர் போகிறது. இரண்டு முறைகளும் பெரும்பாலான தட்டுகளில் ஒத்துப்போகின்றன. உலகம் முழுக்க முரண்பட்டிருந்தால் கோட்பாட்டின் முதுகெலும்பு முறிந்திருக்கும். நடு அட்லாண்டிக் மலைத்தொடரை ஒட்டி 100 கோடி ஆண்டுப் பழைய கடலடி பரந்து கிடந்தாலும் அப்படியே. பெருங்கடல்களின் தரை எங்குமே சுமார் 20 கோடி ஆண்டைத் தாண்டுவது அரிது. கண்டத்தில் 400 கோடி ஆண்டுப் பாறை உண்டு.

தோற்ற பகுதியும் ஒன்று உண்டு. 1960களின் இறுதியில் எழுதியபடி, தட்டு என்பது உள்ளே வளையாத, விளிம்பில் மட்டுமே உடையும் துண்டு. இலங்கைக்குத் தெற்கே அது பொய்த்தது. அங்கே தட்டின் நடுவிலேயே கடலடி மடிந்து நெளிந்து கிடக்கிறது. 2012 ஏப்ரல் 11 அன்று சுமத்ராவுக்கு மேற்கே 8.6 அளவில் வந்த நிலநடுக்கம் விளிம்பில் வந்ததல்ல, தட்டின் உள்ளே வந்தது. சென்னையிலும் உணர்ந்து மக்கள் தெருவுக்கு ஓடிவந்தார்கள். "உறுதியான தட்டு" என்ற வாசகத்தைத் திருத்தி, இந்தியத் தட்டும் ஆஸ்திரேலியத் தட்டும் தனித்தனி, இடையே அகன்ற சிதைவுப் பகுதி என்று எழுத வேண்டியதாயிற்று. அந்தத் திருத்தம் இலவசமாக வரவில்லை. இரு தட்டுகளும் ஒன்றையொன்று சார்ந்து எந்தப் புள்ளியைச் சுற்றி, எந்த வேகத்தில் திரும்புகின்றன என்று எண்ணாகச் சொல்ல வேண்டும், சொல்லியிருக்கிறார்கள். அந்த எண்ணை இனி வரும் ஜிபிஎஸ் அளவும் நிலநடுக்கமும் சோதித்துக்கொண்டே இருக்கும். 2012 நிலநடுக்க வரைபடத்தை உங்கள் மாணவிக்குக் காட்டுங்கள், விளிம்புக் கோட்டையும் புள்ளிகளையும் அவளே ஒப்பிடட்டும்.